கார்த்திகை, மார்கழியில் வீட்டுப் பூச்செடிகள்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைக் கண்டறிதல்

ஐப்பசி மழை ஓய்ந்ததிலிருந்து தைப்பொங்கல் வரையிலான நாட்கள் கொங்கு நாட்டு வீட்டுப் பூச்செடிகளுக்குக் கடைசிப் பருவமாகும். ஆடியோடு மல்லிகையின் வரத்து குறைந்துவிடும். ஆயுத பூசைக்கென்று நட்ட செண்டுமல்லி காய்ந்த தலைகளோடு நிற்கும். மழையில் நனைந்த ரோஜா துளிர்ப்பதா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருக்கும். பூவின் தேவையோ இந்த மாதங்களில்தான் ஏறிக்கொண்டே போகும். கார்த்திகைத் தீபத்துக்கு வேண்டும், மார்கழி முழுவதும் விடியற்காலையில் சாமி படத்துக்கு வேண்டும், தையில் பூப்பறிக்கிற நோம்பி என்கிற பண்டிகைக்குப் பெண் பிள்ளைகளின் தலைக்கு வேண்டும். வீட்டிலும் எல்லாம் தலைகீழாவது இதே மாதங்களில்தான். கார்த்திகை முகூர்த்தங்களுக்கு ஊர் ஊராகப் போக வேண்டியிருக்கும், ஒறம்பரை (உறவினர்) வந்து தங்கும், பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வு வரும், மார்கழிக் கடைசியில் வெள்ளையடிக்க ஆள் வரும்.

மருதமலைப் பக்கத்தில் உள்ள எங்கள் வீட்டில், வாசலில் சில தொட்டிகளும் பொடக்காளியில் (புழக்கடையில்) இரண்டு பாத்தியும் வைத்துப் பல ஆண்டுகளாகப் பூ எடுத்துவருகிறேன். அந்தப் பழக்கத்தில் நான் கண்டது என்னவென்றால், பருவக் கடைசியில் செடிக்கு வருகிற கோளாறுகளில் பெரும்பகுதி செடியில் தொடங்குவதில்லை, வீட்டில் தொடங்குகிறது. ஆகவே இலையைக் கிள்ளிப் பார்ப்பதற்கும் மருந்துக் கடைக்குப் போவதற்கும் முன்னால், கடந்த பதினைந்து இருபது நாட்களில் செடிக்கு ஊற்றும் தண்ணீர் மாறியதா, செடிக்கு விழும் வெளிச்சம் மாறியதா, செடியைப் பார்த்துக்கொள்ளும் கை மாறியதா என்று வீட்டாரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் இந்தக் கேள்விகளை ஒட்டியே வழி சொல்லியிருக்கிறேன்.

இலை மஞ்சளாகிறது

முதலில் பார்க்க வேண்டியது எந்த இலை மஞ்சளாகிறது என்பதைத்தான். அடிக்கிளையில் உள்ள முதிர்ந்த இலைகள் நரம்போடு சேர்ந்து ஒரே சீராக வெளிறி, நுனித் துளிர் மட்டும் பச்சையாக இருந்தால் தழைச்சத்து போதவில்லை என்று பொருள். தொட்டி மண்ணில் இருந்த தழைச்சத்தை ஐப்பசி மழை கரைத்து அடித்துளை வழியே வெளியேற்றியிருக்கும். மட்கிய தொழுவுரத்தை இரண்டு கைப்பிடி மேல்மண்ணில் கொத்திவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் துளிரின் நிறம் தேறும். கடலைப் பிண்ணாக்கை மூன்று நாள் ஊறவைத்து, அந்தக் கரைசலோடு பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து ஊற்றுவது இன்னும் விரைவாக வேலை செய்யும். ஆனால் ஒறம்பரை வந்திருக்கிற வாரத்தில் இதைச் செய்ய வேண்டாம். அந்த வாடை திண்ணையை விட்டுப் போக இரண்டு நாளாகும்.

இதற்கு நேர்மாறாக, நுனியில் உள்ள புது இலைகள் மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாக வலைபோலத் தெரிந்தால் அது இரும்புச் சத்துக் குறை. மல்லிகையிலும் ரோஜாவிலும் இது நம் பக்கத்தில் மிகச் சாதாரணம். மண்ணில் இரும்பே இல்லை என்பதால் இது வருவதில்லை. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்பு கரையாத நிலைக்குப் போய்விடுகிறது, வேரால் அதை உறிஞ்ச முடிவதில்லை. துருப்பிடித்த ஆணியைத் தொட்டியில் புதைத்து வைக்கிற வழக்கம் எங்கள் தெருவில் இன்றும் உண்டு. துருவும் கரையாத இரும்புதான் என்பதால் சுண்ணாம்பு மண்ணில் அது ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்குமே தவிர, செடிக்குப் போய்ச் சேராது.

இந்த அறிகுறி கார்த்திகையில் திடீரென்று தோன்றினால் தண்ணீரை விசாரியுங்கள். கோவைக்கு மேற்கே சிறுவாணித் தண்ணீர் வருகிற வீடுகளில், குழாய்ப் பழுதாலோ முறை தள்ளிப்போவதாலோ இரண்டு வாரம் போர்த் தண்ணீரையே ஊற்றும்படி ஆகிவிடும். சிறுவாணித் தண்ணீர் மென்னீர். ஆயிரம் அடிக்குக் கீழே இருந்து ஏறிவருகிற போர்த் தண்ணீரில் பல இடங்களில் உப்பும் சுண்ணாம்பும் கூடுதல். குளியலறைக் குழாயின் வாயில் வெள்ளைப் பொருக்குக் கட்டியிருக்கிறதா, அதே பொருக்கு மண்தொட்டியின் வெளிப்புறத்திலும் விளிம்பிலும் பூத்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு இடத்திலும் இருந்தால் வேறு சோதனை தேவையில்லை. குடிநீர் சுத்திகரிக்கும் இயந்திரம் கழித்துவிடுகிற தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று செடிக்கு ஊற்றுகிறவர்களும் இங்கேதான் வந்து சேர்கிறார்கள். அது உப்பைத் திரட்டிய தண்ணீர். வாசல் தெளிக்க அதை வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் ஒருமுறை தண்ணீரும் மாறவில்லை, இருந்தும் வாசல்படியருகே இருந்த பன்னீர் ரோஜா மட்டும் மஞ்சளாகிக்கொண்டே போனது. தொட்டியின் மண்ணைக் கிளறியபோது ஒரு விரற்கடை ஆழத்தில் தயிராடை போல ஒரு வெள்ளைப் படலம் இருந்தது. பொங்கலுக்கு வெள்ளையடித்தவர் மட்டையையும் சுண்ணாம்பு வாளியையும் மாலையில் அந்தத் தொட்டியில்தான் கழுவி ஊற்றியிருக்கிறார். செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டதாக என்னிடம் நல்லெண்ணத்தோடு சொல்லிவிட்டும் போயிருந்தார். அத்தகைய நிலையில் இரும்புச் சத்துத் தெளித்துப் பயனில்லை. மேல்மண்ணைப் படலத்தோடு நாலு விரல் ஆழத்துக்கு வழித்தெடுத்துவிட்டு, செம்மண்ணும் மட்கிய உரமும் கலந்து நிரப்புவதுதான் வழி.

சாதாரண இரும்புக் குறைக்கு அன்னபேதி (இரும்பு சல்பேட்) போதும். நாட்டு மருந்துக் கடையிலும் உரக்கடையிலும் கிடைக்கும். இளம்பச்சை நிறத்தில் இருப்பதை வாங்க வேண்டும், பழுப்பேறியது வீரியம் இழந்தது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் கரைத்து, நிறம் மாறாமல் இருக்கச் சில துளி எலுமிச்சைச் சாறு விட்டு, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் இருபுறமும் படும்படி தெளித்து, மஞ்சள் மறையும் வரை மாதம் ஒருமுறை தொடரலாம். கொடியில் துணி காய்கிற நேரத்தில் தெளிக்காதீர்கள். வெள்ளை வேட்டியில் பட்ட அன்னபேதிக் கறையை எந்தச் சோப்பும் எடுக்காது, அதைப் பற்றிய பேச்சும் அந்த வேட்டி கிழிகிற வரை ஓயாது.

மண் ஈரமாக இருக்கிறது, செடி வாடுகிறது

நண்பகலில் தலை தொங்கி, மாலை ஆறு மணிக்குத் தானே நிமிர்ந்துவிடுகிற செடிக்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. மாலையிலும் நிமிராத செடியின் மண்ணில் விரலை இரண்டு கணு ஆழத்துக்கு விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் தண்ணீர் ஊற்றுங்கள், காரியம் முடிந்தது. ஈரமாக இருந்தும் வாடுகிறது என்றால் வேர் கெட்டிருக்கிறது. அதற்குமேல் ஊற்றுகிற ஒவ்வொரு சொம்புத் தண்ணீரும் செடியின் முடிவை விரைவுபடுத்தும்.

கனகாம்பரத்தில் இதை அடிக்கடி பார்க்கலாம். பொடக்காளிப் பாத்தியில் எங்களுக்கு ஒரு வரிசை முழுக்கக் கனகாம்பரம் இருந்தது. ஒரு கார்த்திகையில் வரிசையின் மேற்குக் கோடியிலிருந்து வாரத்துக்கு ஒரு செடியாக வாடிக்கொண்டே வந்தது. இது வரிசை பிடித்து வந்ததால் சந்தேகப்பட்டு, மேற்குக் கோடியில் என்ன இருக்கிறது என்று போய்ப் பார்த்தேன். மழை நாட்களில் துவைக்கிற கல்லில் துவைக்க முடியாமல், வாஷிங் மெஷினைப் பின்பக்கத் தாழ்வாரத்துக்கு மாற்றியிருந்தோம். அதன் கழிவுக் குழாயைச் சாக்கடை வரை இழுக்கச் சோம்பல்பட்டு, பாத்தியின் தலைப்பிலேயே விட்டிருந்தார்கள். சலவைத்தூள் கலந்த தண்ணீரில் சோடியம் உப்பு மிகுதி. அது களிமண்ணை இறுக்கி வேருக்குக் காற்றுப் போகாமல் செய்யும், மண்ணின் காரத்தையும் ஏற்றும். அந்தக் காலத்தில் சீயக்காய் தேய்த்துக் குளித்த தண்ணீரை வாழைக்கும் பூச்செடிக்கும் விட்டார்களே என்று அத்தை கேட்டது நியாயமான கேள்விதான். சீயக்காய்த் தண்ணீருக்கும் சலவைத்தூள் தண்ணீருக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கிச் சொல்வதைவிட, குழாயை மாற்றிவிடுவது எளிதாக இருந்தது.

வாடிய செடி ஒன்றைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பார்த்துவிட்டால் பாதி ஐயம் தீர்ந்துவிடும். வேரின் தோல் விரலால் இழுத்ததும் உறைபோலக் கழன்று, உள்ளே நூல் மட்டும் மிஞ்சினால் அது நீர் தேங்கியதால் வந்த அழுகல். வேரில் கடுகளவிலும் மிளகளவிலும் முடிச்சுகள் தெரிந்தால் நூற்புழு. வேர் ஓரளவு நன்றாக இருந்தும், அடித்தண்டைக் குறுக்கே வெட்டும்போது உள்ளே பழுப்பு வளையம் தெரிந்தால் வாடல் நோய்ப் பூசணம் ஏறியிருக்கிறது. அழுகலுக்கு வடிகால் செய்து கொடுத்தால் அடுத்த செடி பிழைக்கும். மற்ற இரண்டிலும் அதே குழியில் மறுபடியும் கனகாம்பரம் வைக்கக் கூடாது. நூற்புழு இருந்த இடத்தில் ஒரு பருவம் செண்டுமல்லியை நெருக்கமாக நட்டு வையுங்கள்; அதன் வேரில் சுரக்கும் பொருள் நூற்புழுவை ஒடுக்கும். பிடுங்கிய செடிகள் குப்பைக்குழிக்குப் போகக் கூடாது, போனால் அடுத்த ஆண்டு உரத்தோடு திரும்பி வந்துவிடும்.

இலையில் வெள்ளையாக ஏதோ இருக்கிறது

இந்த ஒரே புகாருக்குப் பின்னால் குறைந்தது நான்கு வெவ்வேறு காரணங்கள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்தறியாமல் மருந்தடிப்பதுதான் இந்தப் பருவத்தில் நடக்கிற பெரிய வீண்செலவு. ஈர விரலால் ஓர் இலையைத் தேய்த்துப் பாருங்கள்.

விரலில் நறநறவென்று ஒட்டிக்கொண்டு, இலை உடனே சுத்தமாகிவிட்டால் அது கோலமாவு. மார்கழியில் வாசல் முழுக்கக் கோலம் போடுகிற வீட்டில், கீழ்வரிசைத் தொட்டிகளின் மேல் மாவு படியாமல் இருந்தால்தான் வியப்பு. அரிசி மாவானால் எறும்பு தின்னும். கல்மாவானால் தண்ணீர் விட்டுக் கழுவிவிட வேண்டும். தேய்த்தும் போகாமல், வட்ட வட்டமாகத் துளியின் அடையாளத்தோடு இருந்தால் அது போர்த் தண்ணீரின் உப்புக்கறை. எலுமிச்சைச் சாறு தொட்ட துணியால் துடைத்தால் போய்விடும். செடிக்கு அதனால் பெரிய தீங்கில்லை, ஆனால் இனிமேல் தண்ணீரை இலையில் ஊற்றாமல் வேரில் ஊற்றுங்கள்.

மாவைத் தூவியது போல மென்மையாகப் படர்ந்து, துடைத்த இடத்திலேயே நாலு நாளில் மறுபடியும் தோன்றி, இளந்துளிரைச் சுருட்டுகிறது என்றால் அது சாம்பல் நோய். பகல் வெயிலும் இரவுப் பனியும் மாறி மாறி வருகிற மார்கழிதான் ரோஜாவில் இதற்கு உகந்த காலம். பனியில் இலை நனைவதால் வருகிறது என்று பலரும் எண்ணுகிறார்கள். காற்றில் ஈரப்பதம் இருந்தால் போதும், இலை நனைய வேண்டிய தேவை இந்தப் பூசணத்துக்குக் கிடையாது. இலைமேல் தண்ணீர் தேங்கி நின்றால் அதன் வித்துகள் முளைப்பதே தடைபடும். கரும்புள்ளி நோயின் கதை வேறு. இலை பல மணி நேரம் ஈரமாகவே இருந்தால்தான் அது பரவும், ஆகவே ஐப்பசியில் வந்து கார்த்திகைக் கடைசியில் குறையும். இரண்டும் ஒரே செடியில் இருந்தால், காலையில் மட்டும் இலையைக் கழுவி, பத்து மணிக்குள் காய்ந்துவிடும்படி வெயிலில் வைப்பதே பொருந்தும். சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகத்தை லிட்டருக்கு 2 கிராம் கலந்து தெளிக்கலாம், உச்சிவெயிலில் தெளித்தால் இலை கருகும். புளித்த மோரைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து வாரம் ஒருமுறை தெளிப்பதும் தொடக்கநிலையில் பயன் தருகிறது. மிஞ்சிய மோரை ஊற்ற ஓர் இடமும் கிடைத்தது என்ற வகையில் எனக்கு இது பிடித்தமான முறை.

நான்காவது வெள்ளை, பஞ்சைக் கிள்ளி வைத்தது போலக் கணுக்களிலும் இலையின் அடியிலும் ஒட்டியிருக்கும். நசுக்கினால் பிசுபிசுப்பாக மஞ்சள் நீர் வரும். அது மாவுப்பூச்சி. செம்பருத்தியை அது விடாது. இதில் பூச்சியைவிட முதலில் எறும்பைப் பாருங்கள். மாவுப்பூச்சி கழிக்கிற தேன்போன்ற நீருக்காக எறும்பு அதைக் காவல் காக்கும், ஒரு செடியிலிருந்து இன்னொரு செடிக்குக் கொண்டும் போகும். தொட்டி சுவரை ஒட்டியிருந்தால் விலக்கி வையுங்கள். நோம்பிக்குப் பாயசம் வைத்த போசியைச் செடிப் பக்கத்தில் போட்டு ஊறவைக்கிற பழக்கம் இருந்தால் அதை நிறுத்துங்கள். பூச்சியை வேகமான தண்ணீர்ப் பீச்சலில் அடித்துத் தள்ளிவிட்டு, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயுடன் சிறிது காதி சோப்புக் கரைசல் கலந்து, வாரம் ஒருமுறையாக மூன்று வாரம் தெளித்தால் போதும்.

கடும் பூச்சிமருந்துக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இந்த ஊரிலேயே ஒரு காரணம் இருக்கிறது. பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதன்முதலாகக் கோயம்புத்தூரில்தான் 2008இல் கண்டறியப்பட்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று கொங்கு விவசாயிகளைப் படாதபாடு படுத்தியதோடு, வீட்டுச் செம்பருத்திகளையும் அது விட்டுவைக்கவில்லை. எந்த மருந்துக்கும் அது அடங்கவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்து வெளியிட்ட, கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவிதான் அதை அடக்கியது. மருந்தடிக்கிறபோது முதலில் சாவது இத்தகைய குளவிகள்தான்.

செவ்வந்தி தழைக்கிறது, மொட்டு வைக்கவில்லை

சாமந்தி என்றும் சொல்லப்படுகிற செவ்வந்தி, இரவு நீள்கிற காலத்தில் மொட்டு வைக்கிற செடி. ஐப்பசி, கார்த்திகையில் அது மொட்டு வைக்காமல் இலையாகவே போய்க்கொண்டிருந்தால் உரத்தைக் குறை சொல்வதற்கு முன்பு இரவு பத்து மணிக்கு வெளியே வந்து செடியின் அருகில் நின்று பாருங்கள். அங்கே வெளிச்சம் இருக்கிறதா?

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் திருட்டு நடந்த பிறகு, வரிசையாக எல்லா வீட்டிலும் முகப்பில் பெரிய எல்இடி விளக்கை மாட்டினோம். அது மாலை ஆறு மணிக்கு எரியத் தொடங்கினால் மறுநாள் காலையில்தான் அணையும். அந்த ஆண்டு வாசலில் இருந்த ஐந்து செவ்வந்தித் தொட்டிகளில் விளக்குக்கு நேர்கீழே இருந்த மூன்றும் பூக்கவில்லை, தூண் நிழலில் இருந்த இரண்டும் பூத்தன. ஒரே நாளில் வாங்கிய, ஒரே கையால் தண்ணீர் ஊற்றிய நாற்றுகள் அவை. பசுமைக்குடிலில் செவ்வந்தி வளர்ப்பவர்கள், தண்டு நீளும் வரை பூக்காமலிருக்க நள்ளிரவில் சில மணி நேரம் விளக்கெரிப்பது வழக்கம். நாங்கள் அதையே தெரியாமல் செய்துகொண்டிருந்தோம். திருட்டுப் பயத்துக்காக விளக்கு வேண்டும், பூவுக்காக இருட்டு வேண்டும் என்று வீட்டில் ஒரு வாரம் பேச்சு நடந்தது. கடைசியில் தொட்டிகளை வீட்டின் பக்கவாட்டுச் சந்துக்கு மாற்றினோம். மார்கழி நடுவில் மொட்டு தெரிந்தது.

செண்டுமல்லி உயரமாகப் போகிறது, பூ சிறுக்கிறது

காய்ந்த தலைகளைக் கிள்ளாமல் விட்டிருந்தால் முதலில் கிள்ளுங்கள். விதை கட்டிவிட்ட செடி மேற்கொண்டு பூப்பதில் அக்கறை காட்டாது. அடுப்படிக் கழிவு உரத்தை அள்ளிப் போட்டிருந்தால் நிறுத்துங்கள். இரண்டும் இல்லை என்றால் நிழலைப் பாருங்கள்.

கோயம்புத்தூர் ஏறத்தாழ 11 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. சித்திரை முதல் வாரத்தில் உச்சிவெயில் நேர் தலைக்கு மேல் விழும். டிசம்பர் 21, 22 வாக்கில் நண்பகல் சூரியனே உச்சியிலிருந்து 34 பாகைக்கு மேல் தெற்கே சாய்ந்திருக்கும். அதனால் 10 அடிச் சுவர் ஒன்று நட்டநடுப் பகலிலும் வடக்கே கிட்டத்தட்ட 7 அடிக்கு நிழல் போடும். சித்திரையில் வெயில் தாங்காமல் சாக்குக் கட்டி மறைத்த அதே வடக்குப் பாத்தி, மார்கழியில் நாள் முழுக்க நிழலில் கிடக்கும். தெற்குப் பக்கத்து வீட்டுக்காரர் இந்த ஆண்டு மாடி எடுத்திருந்தால் கேட்கவே வேண்டாம். தொட்டியானால் நகர்த்துங்கள், மொட்டை மாடிக்கு ஏற்றுங்கள். பாத்தியானால் செண்டுமல்லியை விட்டுவிட்டு, நிழல் பொறுக்கிற கனகாம்பரத்தை அங்கே வைப்பது புத்திசாலித்தனம்.

மல்லிகையில் மொட்டு இல்லை, அல்லது மொட்டு ஊதாவாகி உதிர்கிறது

இரண்டும் வெவ்வேறு. மொட்டின் அடி பருத்து, வெள்ளை மாறி ஊதா நிறம் ஏறி உதிர்ந்தால் அது மொட்டு ஈயின் வேலை. மொட்டில் துளையும், மொட்டுகளைச் சேர்த்துப் பின்னிய நூலும் தெரிந்தால் மொட்டுப்புழு. உதிர்ந்த மொட்டுகளைக் கூட்டிச் செடியடியிலேயே குவிக்கிற சீமாறுப் பழக்கத்தை விட்டு, அள்ளி அப்புறப்படுத்துங்கள். ஈயின் புழு மண்ணுக்குள் போய்த்தான் கூட்டுப்புழுவாகும், ஆகவே அடிமண்ணைக் கொத்திக் காயவிடுவதும் பயன் தரும்.

மொட்டே இல்லை என்றால் அது கோளாறே இல்லை. மல்லிகையின் பருவம் மாசி, பங்குனியில் தொடங்கி ஆடி வரைதான். கார்த்திகையில் அது ஓய்வெடுக்கும் நேரம். அப்போது உரமும் தண்ணீரும் கொட்டினால் இலைதான் வரும். நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம் விட்டு மீதியைக் கவாத்துச் செய்து, காய்ந்த கிளைகளை அடியோடு நீக்கி, தொழுவுரம் இட வேண்டும். முல்லைக்கு இதே வேலை ஜனவரிக் கடைசியில்.

செடியைவிட இதில் வீட்டாரைச் சமாளிப்பதுதான் கடினம். நான் கத்தரியை எடுத்துக்கொண்டு போகும்போதெல்லாம் ஏதாவது ஒரு கிளையில் ஐந்தாறு மொட்டு இருந்துவிடும். “மொட்டு இருக்கற செடிய வெட்டுனா வெளங்குமா கண்ணு?” என்று அத்தை வாசற்படியில் வந்து நிற்பார். ஓராண்டு அவர் பேச்சைக் கேட்டு வெட்டாமல் விட்டேன். பங்குனியில் தலைக்கு மேல் வளர்ந்த கொடியில் எட்டாத உயரத்தில் நாலு பூ பூத்தது. அடுத்த ஆண்டிலிருந்து, மொட்டுள்ள கிளைகளை மட்டும் முதலில் வெட்டி அவர் கையில் கொடுத்துவிட்டு மற்றதை வெட்டுகிறேன். பூ இல்லாத இந்த இடைவெளியை நிரப்ப விரும்புகிறவர்கள் குளிரில் பூக்கிற மல்லிகை வகையான காக்கடாவையோ, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட, ஆண்டு முழுவதும் பூ தருகிற கோ 1 நட்சத்திர மல்லியையோ ஒரு தொட்டியில் வைத்துக்கொள்ளலாம்.

கவாத்துக் குச்சிகளை வெந்நீர் அடுப்புக்குப் போடுகிற வீடுகளுக்கு ஓர் எச்சரிக்கை. மல்லிக் குச்சியோடு அரளிக் குச்சி கலந்துவிடக் கூடாது. அரளியின் எல்லாப் பகுதியும் நஞ்சு, அதன் புகையும் நஞ்சு.

இரவில் இருந்தது, காலையில் இல்லை

நாற்றின் தண்டு மட்டும் நிற்க, அருகில் பளபளவென்று கோழைத்தடம் தெரிந்தால் நத்தை. இரவு ஒன்பது மணிக்கு டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பொறுக்கி எடுங்கள். உப்பைத் தூவினால் நத்தையும் சாகும், மண்ணும் கெடும். நாற்று வேரோடு கிளறப்பட்டு, துளிர் கொத்தப்பட்டிருந்தால் மயில். மலையோரப் பகுதியில் மயிலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் இருக்கிற பறவை அது, முருகனின் வாகனமும் அதுவே. செண்டுமல்லி நாற்றை அது கொத்தித் தின்னும்போது எங்கள் வீட்டில் ஒருவர் கைகூப்பி நிற்பார். பாத்தியின் மேல் மீன்வலை போர்த்துவதைத் தவிர வேறு வழியை நான் கண்டதில்லை.

செடியில் காயமே இல்லை, காம்பு மட்டும் சீராகக் கிள்ளப்பட்டிருக்கிறது, மதிலுக்கு வெளியே நீட்டிய கிளைகளில் மட்டும் பூ இல்லை என்றால், விடியற்காலையில் நடைப்பயிற்சி போகிறவர்கள் கையில் வைத்திருக்கும் பாலித்தீன் பையைக் கவனியுங்கள். இதற்கு மருந்து கிடையாது. கிளையை உள்பக்கம் வளைத்துக் கட்டலாம், அல்லது அவர்களுக்கு முன்னால் எழுந்திருக்கலாம்.

நாலு நாள் ஊருக்குப் போய்த் திரும்பினால் எல்லாமே காய்ந்திருக்கிறது

முகூர்த்தத்துக்குப் போகும்போது செடியை யாரிடம் ஒப்படைப்பது என்பது ஒவ்வோர் ஆண்டும் வருகிற சிக்கல். சிறு பிள்ளைகளிடம் விட்டால் தண்ணீர் மிஞ்சும், பெரியவர்களிடம் விட்டால் மறந்துபோகும். புறப்படுவதற்கு முதல்நாள் தொட்டிகளையெல்லாம் சுவரோர நிழலில் நெருக்கி வைத்து, நிறையத் தண்ணீர் விட்டு, தேங்காய் மட்டையை மண்ணின் மேல் பரப்பிவிட்டால் இந்தக் குளிர்மாதத்தில் நாலு நாள் தாங்கும். உரம் இட்ட உடனே ஊருக்குப் போகாதீர்கள்.

அப்படியும் காய்ந்துபோயிருந்தால், பதற்றத்தில் உடனே உரம் வைப்பதும் கிளைகளை வெட்டித் தள்ளுவதும் வேண்டாம். உலர்ந்து சுருங்கிய தொட்டிமண் பக்கவாட்டில் சுவரை விட்டு விலகியிருக்கும். மேலே ஊற்றுகிற தண்ணீர் அந்த இடுக்கு வழியாக அடியில் போய்விடுமே தவிர வேரை நனைக்காது. தொட்டியைப் பெரிய தண்ணீர்த் தாழியில் விளிம்பு முழுக இறக்கி, குமிழி வருவது நிற்கும் வரை வைத்திருந்து எடுத்து, நிழலில் வையுங்கள். பத்து நாள் கழித்து, காய்ந்ததாகத் தோன்றுகிற கிளையின் பட்டையை நகத்தால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். பழுப்பாக இருந்தால் இன்னும் கீழே இறங்கிச் சுரண்டுங்கள். எந்த இடத்தில் பச்சை தெரிகிறதோ அதற்கு அரை விரற்கடை கீழே, வெளிப்புறம் பார்த்த ஒரு கணுவுக்குச் சற்று மேலாகச் சாய்வாக வெட்டுங்கள். அடிவரை பழுப்பாகவே இருந்தாலும் தொட்டியைக் கவிழ்த்துவிடாமல் இன்னொரு மூன்று வாரம் ஈரம் காட்டி வையுங்கள். சென்ற ஆண்டு செத்துப்போனதென்று மூலையில் ஒதுக்கிய செம்பருத்தி ஒன்று, பூப்பறிக்கிற நோம்பியன்று அடித்தூரில் இரண்டு துளிர் விட்டிருந்தது.